ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி படிவு: ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டுமா?

இலைலாரி

எல்லோருக்கும் வணக்கம். அப்பா ஓட்டிய லாரி, 1996 மாடல், ஆறு சிலிண்டர் டீசல், வெட் லைனர் இன்ஜின், அதாவது லைனர் என்ற சிலிண்டர் குழலைச் சுற்றி நேராகத் தண்ணீர் ஓடும் வகை. மூன்று வருடமாக நான் ஓட்டுகிறேன். கோத்தகிரிப் பக்கம் பச்சைத் தேயிலையைத் தோட்டங்களில் ஏற்றித் தொழிற்சாலையில் இறக்குவதுதான் வேலை. ஒரு நடை ஏழு கிலோமீட்டர். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, இலை நிறைய இருந்தால் சாயங்காலம் இன்னொன்று. நடைக்கு நடை இரண்டு மூன்று மணி நேரம் வண்டி சும்மா நிற்கும்.

ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளே வெளிர் மஞ்சளாக ஒரு படிவு. விரலால் வழித்து எடுக்கலாம், அவ்வளவு கெட்டி. மோர் கடைந்த மத்தில் ஒட்டியிருக்கும் வெண்ணெய் போல இருக்கிறது. டிப்ஸ்டிக்கின் மேல் பாதியிலும் துளித் துளியாக ஈரம். கீழே அளவுக் கோட்டுப் பக்கம் ஆயில் எப்போதும் போலக் கறுப்புதான்.

பட்டறையில் காட்டினேன். மூடியைப் பார்த்த உடனே "ஹெட் காஸ்கெட் போயிடுச்சு, லைனரும் பார்க்கணும், பிரிச்சா எண்பதாயிரத்துக்குக் குறையாது" என்றார்கள். அதாவது ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு போய்விட்டதாம். வண்டி இழுவையில் குறையே இல்லை. வெள்ளைப் புகையும் இல்லை. பிரிக்கத்தான் வேண்டுமென்றால் பிரித்துவிடலாம், ஆனால் மூடியை மட்டும் பார்த்து அப்படிச் சொல்ல முடியுமா?

சங்ககிரி பட்டறை

தம்பி, இப்போதைக்கு ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற வேண்டாம். மூடியில் இருப்பது ஆயிலும் தண்ணீரும் சேர்ந்து அடிபட்ட கலவை. தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது என்பதை மட்டும்தான் அது காட்டும். எந்த வழியாக வந்தது என்று காட்டாது. இன்ஜினுக்குள் தண்ணீர் வர இரண்டு வழி. ரேடியேட்டர் தண்ணீர் கசிந்து வரலாம், அல்லது உள்ளே இருக்கும் ஆவியே குளிர்ந்து தண்ணீராகலாம். முதலாவது என்றால் பிரிக்க வேண்டிய வேலை. இரண்டாவதற்குப் பிரித்தால் பணம் போகும், படிவு அப்படியே இருக்கும்.

எனக்கு நான்கு விவரம் வேண்டும். ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறதா, குறைந்தால் எத்தனை நாளில் எவ்வளவு? டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறுகிறதா? வெப்பமானி முள் எதுவரை போகிறது? நான்காவது கொஞ்சம் பொறுமையான வேலை. வண்டியை ராத்திரி சமதரையில் நிறுத்துங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யாமல் அடியில் ஒரு கண்ணாடி பாட்டிலைப் பிடித்துக்கொண்டு ஆயில் தேங்கும் அடித்தொட்டியான சம்ப்பின் பிளக்கை மெதுவாகத் தளர்த்துங்கள், முழுக்கக் கழற்ற வேண்டாம். தண்ணீர் ஆயிலை விடக் கனம். ராத்திரி முழுக்க அசையாமல் நின்றால் அது அடியில் போய் உட்கார்ந்திருக்கும், முதலில் அதுதான் வரும். எவ்வளவு வந்தது, என்ன நிறம் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

மலைப்பாதை டிரைவர்

"வெறும் ஆவி" என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். குன்னூர் சாலையில் பர்லியார் ஏற்றத்தில் லோடோடு வரும்போது ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தது. ஓரம் கட்டுவதற்குள் கீழேயிருந்து டக் டக் என்று சத்தம். பெரிங் போய்விட்டது, கிராங்கும் வீண். பிரித்துப் பார்த்தால் இரண்டாவது லைனரின் அடியில் இருக்கும் ரப்பர் வளையம், அந்த ஓ-ரிங், நைந்து, ரேடியேட்டர் தண்ணீர் நேராகச் சம்ப்பில் இறங்கியிருக்கிறது. சம்ப் முழுக்கப் பால் ஊற்றிய டீ நிறம். நான் தினமும் மூடியைத்தான் பார்த்தேன், டிப்ஸ்டிக் அளவு ஏறுவதைக் கவனிக்கவே இல்லை. நாற்பது நாள் வண்டி நின்றது. தம்பி, அளவு ஏறினால் அன்றைக்கே வண்டியை நிறுத்திவிடுங்கள்.

சங்ககிரி பட்டறை

நீங்கள் சொல்வது சரி, அதனால்தான் அளவைக் கேட்டேன். ஓ-ரிங் கசிவில் தண்ணீர் கீழே சேரும், டிப்ஸ்டிக் காட்டிக் கொடுக்கும். மூடி சுத்தமாக இருந்து சம்ப் மட்டும் வெளுத்திருக்கும் வண்டியும் உண்டு. மூடி முழுக்க வெண்ணெய், கீழே சுத்தக் கறுப்பு என்ற வண்டியும் உண்டு. இரண்டும் ஒரே நோய் இல்லை. இன்னொன்று, அளவு ஏறினால் முகர்ந்தும் பாருங்கள். டீசல் வாடை அடித்தால் டீசல் பம்ப் பக்கம் போக வேண்டும், ஹெட் பக்கம் இல்லை.

இலைலாரி

நேற்று ராத்திரி சமதரையில் நிறுத்தி, காலை ஐந்தரைக்குப் பிளக்கைத் தளர்த்தினேன். டார்ச்சைத் தம்பி பிடித்துக்கொண்டான். முதலில் ஒன்றுமே வரவில்லை. இன்னும் கால் சுற்று தளர்த்தியதும் கலங்கலாகத் தண்ணீர் சொட்டியது. மூன்று நான்கு மேசைக்கரண்டி இருக்கும். அதன் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு இழை, அப்புறம் கறுப்பு ஆயில். உடனே முறுக்கிவிட்டேன். பாட்டிலில் பார்த்தால் தண்ணீருக்கும் ஆயிலுக்கும் நடுவில் கோடு போட்டது போலத் தெரிகிறது.

ஆயில் அளவு ஏறவில்லை. ஒரு மாதமாக அதே இடத்தில்தான்.

ரேடியேட்டரில் எனக்குக் குழப்பம். வாரத்துக்கு அரை லிட்டர் ஊற்றுகிறேன். அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். கூலண்ட் கிடையாது, ஓடைத் தண்ணீர்தான். வெப்பமானி முள் பச்சைப் பகுதியின் தொடக்கத்தைத் தாண்டி நான் பார்த்ததே இல்லை. வண்டி சூடாகாமல் நன்றாக ஓடுகிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

மலைப்பாதை டிரைவர்

அந்த அரை லிட்டர் எங்கே போகிறது? எனக்கும் அரை லிட்டரில்தான் தொடங்கியது.

ஆயில் சோதனை

ஆயில் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். கணக்கைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் பயம் எங்கே தேவை, எங்கே தேவையில்லை என்று தெரியும்.

டீசலில் ஹைட்ரஜன் இருக்கிறது. எரியும்போது அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர், ஆவியாக. தம்பி வண்டி ஒரு நடைக்கு இரண்டு லிட்டர் குடிக்கிறது என்று வைத்தால் அதே அளவு தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும். பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஒரு சிறு பங்கு கிராங்க் பெட்டிக்குள் இறங்கும். எல்லா இன்ஜினிலும் இது நடக்கிறது, பழைய இன்ஜினில் ரிங் தேய்ந்திருப்பதால் கூடுதலாக நடக்கிறது. ஆயில் நன்றாகச் சூடானால் அந்த ஈரம் திரும்ப ஆவியாகிப் கிராங்க் பெட்டியின் ஆவி போகும் குழாயான பிரீதர் வழியாக வெளியே போகும். சூடாகாவிட்டால் போக வழியில்லை. மேலே எங்கே குளிர்ச்சியோ அங்கே படியும். ஆயில் ஊற்றும் மூடி காற்றில் நேராக நிற்கும் மெல்லிய தகரம், இன்ஜினிலேயே குளிர்ந்த இடம் அதுதான். ஈரச் சுவரில் முதலில் மூலை கறுப்பது போலத்தான் இது.

தண்ணீரை விட ஆயில் மெதுவாகத்தான் சூடாகும். முள் பச்சைக்கு வந்த பிறகும் சம்ப்பில் இருக்கும் ஆயில் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஏழு கிலோமீட்டரில், அதுவும் மழைக்குளிரில், ஆயில் காயவே காயாது. உங்கள் வண்டி ஒரு நாளில் மூன்று முறை ஈரத்தை உண்டாக்கி, ஒரு முறைகூட உலர்த்தாமல் தூங்கப் போகிறது. ஆகவே அந்த மூன்று நான்கு கரண்டியை ஆவியே சேர்த்திருக்க முடியும். ஆனால் சேர்த்தது ஆவிதான் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனை. பழைய தோசைக்கல் ஒன்றை வெளியில் அடுப்பில் வைத்துக் காயவிடுங்கள். ஆயில் புகையக் கூடாது, ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சுர்ரென்று போக வேண்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், முகத்தைத் தள்ளி வையுங்கள். முதலில் புது ஆயில் ஒரு சொட்டு. அது சத்தமில்லாமல் பரவும். அடுத்து, இன்ஜின் ஓடி நின்றதும் டிப்ஸ்டிக்கிலிருந்து எடுத்த ஆயில் ஒரு சொட்டு. குமிழி விட்டுப் படபடவென்று பொரிந்தால் தண்ணீர் இருக்கிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு தண்ணீர் இருந்தாலே பொரிவது கேட்கும். ஆயிலைக் கண்ணால் பார்த்தால் அந்த அளவு தெரியவே தெரியாது.

கூடத்துக்கு அனுப்பினால் வழக்கமாகச் சோடியம், பொட்டாசியம், கிளைகால் பார்ப்போம். அவை இருந்தால் கூலண்ட் கலந்திருக்கிறது என்று பொருள். உங்கள் ரேடியேட்டரில் ஓடைத் தண்ணீர் இருப்பதால் இப்போது அனுப்பினால் கசிவு இருந்தாலும் ரிப்போர்ட் சுத்தமாக வந்துவிடக்கூடும். அந்த ரிப்போர்ட்டை நம்பி வண்டியை ஓட்டக் கூடாது. முதலில் தண்ணீரை வடித்து நிறமுள்ள கூலண்ட் போடுங்கள். சில வாரம் ஓட்டிவிட்டு ஆயிலை அனுப்புங்கள். துருப்பிடிப்பதும் குறையும், கசிவு இருந்தால் அது தன் கறையை விட்டுப் போகும்.

திருச்செங்கோடு ரிக்

போர் போடும் வண்டி வைத்திருக்கிறோம். மழைக்காலத்தில் வேலை இல்லாமல் நிற்கும்போது இதே படிவு வரும். தினமும் காலையில் அரை மணி நேரம் ஸ்டார்ட் செய்து வைத்தால் சரியாகிவிடுமா?

சங்ககிரி பட்டறை

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். லோடு இல்லாமல் ஐடிலில் நிற்கும் டீசல் தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ள முடியாது. அரை மணி நேரம் புதிய ஈரத்தை உள்ளே விட்டு, காய வைக்காமல் அணைக்கிறீர்கள். ஸ்டார்ட் செய்தால் ஓட்டுங்கள், இல்லாவிட்டால் சும்மா விடுங்கள்.

இலைலாரித் தம்பி, முள் ஏறவில்லை என்றீர்களே, நான் அங்கேதான் நிற்கிறேன். நாளைக் காலை குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஃபேனில் படாமல் கையைத் தள்ளியே வைத்து, ரேடியேட்டருக்கு மேலே வரும் ஓஸைத் தொட்டுக்கொண்டே இருங்கள். இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத தெர்மோஸ்டாட் வால்வு உள்ளே இருந்தால் அந்த ஓஸ் நெடுநேரம் குளிர்ந்தே இருக்கும், திறந்ததும் சட்டென்று சுடும். ஸ்டார்ட் செய்த சில நிமிடத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பானால் உள்ளே வால்வு இல்லை, இல்லாவிட்டால் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது.

இலைலாரி

தோசைக்கல் பொரிந்தது. புது ஆயில் அமைதியாகப் பரவியது, வண்டி ஆயில் கடுகு தாளித்தது போலச் சத்தம் போட்டது.

ஓஸ் ஸ்டார்ட் செய்த மூன்றாவது நிமிடமே வெதுவெதுப்பு. ஹவுசிங்கின் இரண்டு போல்ட்டைக் கழற்றினேன். உள்ளே காலி. வால்வு உட்காரும் வளையத்தில் துரு ஏறியிருக்கிறது, அங்கே பல வருடமாக எதுவும் இருந்ததில்லை.

அம்மாவிடம் கேட்டேன். நான் பள்ளியில் படித்தபோது அப்பா சமவெளிக்கு உரம் ஏற்றப் போவார். மேட்டுப்பாளையத்திலிருந்து முழு லோடோடு ஏறும்போது ஒரு கோடையில் வண்டி கொதித்து நின்றதாம். யாரோ வழியில் "வால்வைக் கழற்றிப் போடுங்க, குளுகுளுன்னு ஓடும்" என்று கழற்றிவிட்டார்களாம். அப்பாவின் கருவிப் பெட்டியைத் துழாவினேன். செய்தித்தாளில் சுற்றி அந்த வால்வு இருக்கிறது. 82 என்று முத்திரை. திரும்பப் போட வேண்டும் என்று நினைத்துத்தான் வைத்திருப்பார்.

சங்ககிரி பட்டறை

அந்தக் காலத்தில் நூற்றுக்கணக்கான வண்டியில் இதைச் செய்தோம். நானும் செய்திருக்கிறேன். தப்பு. ரேடியேட்டர் அடைத்திருந்ததற்கும் ஃபேன் பெல்ட் தளர்ந்ததற்கும் வால்வு பழி சுமந்தது. ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. பல இன்ஜின்களில் அந்த வால்வு திறக்கும்போதே பைபாஸ் துளையை மூடும். வால்வே இல்லாவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே இன்ஜினைச் சுற்றும். அதனால் சும்மா ஓடும்போது தேவைக்கு மேல் குளிரும், முழு லோடில் ஏற்றத்தில் சூடும் ஏறும். இரண்டு பக்கமும் நஷ்டம்.

அப்பா வைத்திருந்ததைப் பத்திரமாக வையுங்கள், ஆனால் புதிது வாங்கிப் போடுங்கள். போடுமுன் ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மோமீட்டர் வைத்துச் சூடாக்குங்கள். 82 பக்கத்தில் திறக்கத் தொடங்க வேண்டும். உங்கள் ஊர் ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம், தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் பாருங்கள். மூடி அழுத்தத்தைப் பிடித்தால்தான் கொதிநிலை மேலே போகும். மலையில் ஓடும் வண்டிக்கு இந்த மூடி சாதாரணச் சாமான் இல்லை.

மலைப்பாதை டிரைவர்

வால்வு கதை எல்லாம் நல்லது. அரை லிட்டருக்கு இன்னும் பதில் வரவில்லை. பிரஷர் டெஸ்ட் செய்யாமல் இந்த வண்டியைக் கீழே இறக்க வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்கிறேன்.

சங்ககிரி பட்டறை

அவர் கேட்பது நியாயம். தம்பி, கை பம்ப்பும் மீட்டரும் உள்ள பிரஷர் டெஸ்டர் பெரிய பட்டறைகளில் வாடகைக்குக் கிடைக்கும். இன்ஜின் ஆறிய பிறகு ரேடியேட்டர் வாயில் மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை மட்டும் அடியுங்கள். அதற்கு மேல் போனால் நல்ல ஓஸும் போகும். இருபது நிமிடம் முள்ளைப் பாருங்கள். இறங்கினால் ஒவ்வோர் இடமாகத் தேடுங்கள். வெளியே ஈரம் இல்லாமல் முள் மட்டும் இறங்கினால் அப்போது கவலைப்படுவோம். சம்ப்பை இறக்கித் துடைத்துவிட்டு, அழுத்தத்தை அப்படியே வைத்து, கீழே படுத்து டார்ச் அடித்து ஒவ்வொரு லைனரின் அடியையும் பார்க்க வேண்டும். சொட்டும் லைனர் தானே காட்டும்.

பிரேக்குக்குக் காற்று அடிக்கும் ஏர் கம்ப்ரஸரையும் மறக்காதீர்கள். நிறைய வண்டிகளில் அதற்கு இன்ஜின் தண்ணீரும் வரும், இன்ஜின் ஆயிலும் வரும். அதன் ஹெட் காஸ்கெட் விட்டால் தண்ணீர் கம்ப்ரஸருக்குள் இறங்கி, ஆயில் திரும்பும் வழியாகச் சம்ப்புக்கே வந்துவிடும். இன்ஜின் ஹெட்டை இரண்டு முறை கழற்றியும் குறை தீராமல், கடைசியில் கம்ப்ரஸரில் கண்டுபிடித்த வண்டி என் பட்டறைக்கு வந்திருக்கிறது. ஆயில் கூலரும் அதே ரகம். ஓடும்போது ஆயிலின் அழுத்தம் அதிகம் என்பதால் ஆயில் ரேடியேட்டருக்குப் போகும். அணைத்த பிறகு தண்ணீரின் அழுத்தம் மிஞ்சும், அப்போது தண்ணீர் ஆயிலுக்கு வரும். ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா?

இலைலாரி

படலம் இல்லை, ரேடியேட்டர் துருத் தண்ணீராக இருந்தாலும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லை.

டெஸ்டர் கிடைத்தது. முள் ஆறாவது நிமிடத்தில் இறங்கத் தொடங்கியது, எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. டார்ச் அடித்துத் தேடியதில் வாட்டர் பம்ப்புக்கு அடியில் ஒரு சிறு துளை, அதிலிருந்து சொட்டு. துளைக்குக் கீழே பிளாக்கில் வெள்ளையாக உப்புக் கோடு, கட்டைவிரல் அகலம். ஓடும்போது சூட்டில் காய்ந்துவிடுவதால் தரையில் ஒரு நாளும் ஈரம் பார்த்ததில்லை. அந்தக் கோட்டை நான் பழைய பெயின்ட் என்று நினைத்திருந்தேன்.

பம்ப்பை மாற்றி, மறுபடி அழுத்தம் ஏற்றி, சம்ப்பையும் இறக்கிப் பார்த்தேன். ஒரு மணி நேரம் முள் அசையவில்லை. ஆறு லைனரும் அடியில் உலர்ந்திருக்கின்றன. கம்ப்ரஸர் திரும்பும் குழாயிலும் வெறும் ஆயில்தான்.

பிரீதர் குழாயையும் கழற்றினேன். கீழ்முனையில் அதே மஞ்சள் படிவும் சாலைச் சேறும் சேர்ந்து, ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. டீசலில் ஊறவைத்துக் கம்பி விட்டு எடுத்தேன்.

சங்ககிரி பட்டறை

வாட்டர் பம்ப் துளை அதற்காகவே வைத்தது. சீல் தேய்ந்தால் தண்ணீர் பெரிங்குக்குப் போகாமல் வெளியே வரட்டும் என்று. அதை அடைக்கச் சொல்லும் ஆட்களும் உண்டு, கேட்காதீர்கள்.

பிரீதர்தான் பாக்கி இருந்த ஈரத்தை உள்ளேயே வைத்திருக்கிறது. இப்போது ஆயிலை மாற்றுங்கள், சூடாக இருக்கும்போது வடியுங்கள், ஃபில்டரும் புதிது. அடுத்த ஆயிலை வழக்கமான கிலோமீட்டருக்குக் காத்திருக்காமல் பாதியிலேயே மாற்றுங்கள். பழைய படிவின் மிச்சம் அதில்தான் கரைந்து வரும்.

வாரத்துக்கு ஒரு முறை நீண்ட ஓட்டம் கொடுங்கள். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர். இறங்கும்போது இன்ஜின் சூடாகும் என்று எண்ண வேண்டாம். கியரில் பிடித்து இறங்கும்போது டீசலே எரிவதில்லை, இன்னும் குளிரத்தான் செய்யும். லோடோடு திரும்பி ஏறும் ஓட்டம்தான் ஆயிலைக் காய வைக்கும்.

ஆயில் சோதனை

புதுக் கூலண்டோடு நாலு வாரம் ஓடிய பிறகு ஒரு மாதிரி எடுத்துக் கொடுங்கள். ஓட்டம் முடிந்து பத்து நிமிடத்துக்குள், சம்ப் அடியிலிருந்து இல்லாமல் நடு ஆழத்திலிருந்து குழாய் விட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும். பாட்டில் உலர்ந்திருக்க வேண்டும், கழுவி ஈரத்தோடு கொண்டுவருபவர்கள் அதிகம்.

இலைலாரி

ஐந்து வாரம் ஆகிறது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

முள் இப்போது நடுவில் நிற்கிறது. முதல் நாள் அதைப் பார்த்துப் பயந்து இரண்டு முறை ஓரம் கட்டினேன், இந்த வண்டியில் அப்படிப் பார்த்ததே இல்லையே. ரேடியேட்டரில் அளவுக்கு ஒரு குச்சி வைத்திருக்கிறேன், ஐந்து வாரத்தில் குறையவில்லை. போன ஞாயிறு மேட்டுப்பாளையத்திலிருந்து உரம் ஏற்றி வந்தேன். பர்லியார் வழியில்லை, நம் கோத்தகிரிச் சாலைதான். முள் நடுவைத் தாண்டிக் கொஞ்சம் ஏறி, திரும்ப வந்துவிட்டது. கொதிக்கவில்லை.

காலையில் சம்ப் பிளக்கைத் தளர்த்தினேன். முதல் சொட்டே ஆயில். தோசைக்கல்லில் சத்தம் இல்லை. மூடியின் ஓரத்தில் மட்டும் மெல்லிய வெள்ளைக் கோடு, துணியால் துடைத்தால் போகிறது. கூடத்து ரிப்போர்ட்டில் கிளைகால் இல்லை. சோடியமும் பொட்டாசியமும் சாதாரண அளவில்தான் என்று குறித்திருக்கிறார்கள்.

மலைப்பாதை அண்ணா, நீங்கள் விடாமல் கேட்டதால்தான் பம்ப் கிடைத்தது. பட்டறை அண்ணாவுக்கும் சாருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பம்ப், வால்வு, ஓஸ், கூலண்ட், ஆயில் எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம்.

மலைப்பாதை டிரைவர்

சந்தோஷம் தம்பி. அந்த வெள்ளைக் கோடு மழை முடிகிற வரை இருக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் டிப்ஸ்டிக்கைத் தினமும் பாருங்கள்.

நான் இப்போது என் மச்சான் வண்டி பக்கத்தில் நிற்கிறேன். ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம். மேல் ஓஸ் கையில் வெதுவெதுப்பாக இருக்கிறது. பட்டறை அண்ணே, அந்த ஹவுசிங் போல்ட் துருப்பிடித்து அசையவில்லை, உடைக்காமல் எடுக்க என்ன வழி?

சங்ககிரி பட்டறை

இன்றைக்கே முறுக்காதீர்கள். ராத்திரி டீசலில் நனைத்த துணியைப் போல்ட் தலையில் சுற்றி வையுங்கள். காலையில் துணியை எடுத்துவிட்டு வண்டியைக் கொஞ்சம் ஓட்டி, ஹவுசிங் சூடாக இருக்கும்போது ரிங் ஸ்பேனரால் முதலில் இறுக்கும் பக்கம் ஒரு துளி அசைத்து, அப்புறம் கழற்றும் பக்கம் திருப்புங்கள். வந்துவிடும். அவிழ்ந்ததும் இழுத்துவிடாமல் நிறுத்திக்கொள்ளுங்கள். இன்ஜின் முழுக்க ஆறி, தண்ணீரை வடித்த பிறகுதான் போல்ட்டை வெளியே எடுக்க வேண்டும். சுடுதண்ணீர் முகத்தில் அடிக்கும்.